அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

எங்கள் தெருவில் 68 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். பத்து வருடமாக ரத்தக் கொதிப்பு. அரசு மருத்துவமனையில் மாதாமாதம் மாத்திரை வாங்கி ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிடுபவர். ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரமா கால் வீங்குது தம்பி. ஊறுகாய், அப்பளம் எல்லாத்தையும் விட்டாச்சு. நீர் பிரியறதுக்கு மாத்திரை குடுத்தாங்க. அதைப் போட்டா தலை சுத்துது. நேத்து பாத்ரூம்ல விழப் பார்த்தேன்."

"வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வாங்கம்மா, பார்ப்போம்."

ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். அதில் இரண்டு அட்டைகளை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். ஒன்று அரசு மருத்துவமனையில் கொடுத்தது. மற்றொன்று, மகள் ஊருக்குப் போனபோது அங்கே ஒரு தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்தது. நிறம் வேறு, அளவு வேறு, பெயரும் வேறு. திருப்பிப் படித்தால் இரண்டிலும் ஒரே வரி: அம்லோடிபின் 5 மி.கி. இரண்டு மாதமாக அந்த அம்மா ஒரே மருந்தை இரண்டு மடங்காகச் சாப்பிட்டுவந்திருக்கிறார். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடினால் வீக்கமும் கூடும். அந்த வீக்கத்தைப் புது நோய் என்று எண்ணி அதற்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரையால் தலைசுற்றல்.

இரண்டு டாக்டர்களும் சரியான மருந்தைத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பையோடு அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ஓர் அட்டையையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

நாம் சாப்பிடும் மருந்தின் உண்மையான பெயரைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். அந்த ஒரு பெயர் தெரிந்திருந்தால் அந்த அம்மாவின் கால் வீங்கியிருக்காது. அதே பெயர்தான் மருந்துச் செலவைக் குறைக்கவும் வழிகாட்டுகிறது.

மருந்துக்கு இரண்டு பெயர்

ஒவ்வொரு மருந்துக்கும் மருந்துப் பெயர் ஒன்று உண்டு. அதை விற்கும் கம்பெனி வைத்த பெயர் இன்னொன்று. பாராசிட்டமால் என்பது மருந்துப் பெயர். குரோசின், கால்பால், டோலோ என்பவை கம்பெனிப் பெயர்கள். அம்லாங், ஸ்டாம்லோ, அம்லோபிரஸ் ஆகிய மூன்றும் வெவ்வேறு கம்பெனிகளுடையவை. உள்ளே இருப்பது அம்லோடிபின்தான்.

மருந்துப் பெயர் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட பொதுப் பெயர்களை 1953 முதல் பட்டியலிட்டு வெளியிடுகிறது. இந்தப் பொதுப் பெயரைத்தான் 'ஜெனரிக் பெயர்' என்கிறோம். அதே மருந்தைக் காப்புரிமை முடிந்த பிறகு வேறு கம்பெனிகள் தயாரித்து விற்றால் அது 'ஜெனரிக் மருந்து'.

ஒரே மருந்து அடங்கிய மாத்திரைகளில் மருந்துப் பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஆங்கிலம் படிக்க வராதவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு அந்தப் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கடையில் 'பவர்' என்று சொல்கிறோமே, அதுதான் அந்த எண்: 5 மி.கி., 500 மி.கி., 50 மைக்ரோகிராம். எண்ணும் அலகும் இல்லாமல் பெயரை மட்டும் எழுதி வைத்தால் பாதி விவரம்தான் கையில் இருக்கும்.

கூட்டு மாத்திரைகளில் இன்னும் கவனம் வேண்டும். சளி, தலைவலி, உடம்புவலி என்று தனித்தனியாக விற்கப்படும் பல மாத்திரைகளுக்குள் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு. மெலிந்தவர்களுக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று என்று மூன்று அட்டையிலிருந்து சாப்பிடுபவர் தெரியாமலேயே இந்த எல்லையைத் தாண்டிவிடலாம். தாண்டினால் பாதிக்கப்படுவது கல்லீரல். சர்க்கரை மாத்திரைகளிலும் இதே ஆபத்து உண்டு. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. இரண்டு பெயரில் இரண்டு வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

கடைசி எழுத்துகள் சொல்லும் குடும்பம்

மருந்துப் பெயர்கள் வாயில் நுழையாதவைபோலத் தோன்றும். ஆனால் அவற்றின் கடைசிப் பகுதியைக் கவனித்தால் அந்த மருந்து எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். வீடுகளில் அதிகம் புழங்கும் சில குடும்பங்கள்:

- '-டிபின்' (அம்லோடிபின், சில்னிடிபின்): ரத்தக் கொதிப்பு. கணுக்கால் வீங்கலாம்.
- '-பிரில்' (எனலாபிரில், ராமிபிரில்): ரத்தக் கொதிப்பு, இதயம். சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அதற்கு இருமல் மருந்து வாங்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
- '-சார்டன்' (டெல்மிசார்டன், லோசார்டன்): ரத்தக் கொதிப்பு. இதையும் '-பிரில்' வகையையும் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது.
- '-லோல்' (மெட்டோபிரோலோல், அட்டினோலோல்): இதயத் துடிப்பையும் ரத்தக் கொதிப்பையும் குறைக்கும். திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.
- '-ஸ்டாட்டின்' (அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின்): கொழுப்பு. காரணமில்லாத கடும் தசைவலி வந்தால் தெரிவியுங்கள்.
- '-பிரசோல்' (பான்டோபிரசோல், ஒமிபிரசோல்): வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு.
- '-கிளிப்டின்' (சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின்): சர்க்கரை.

ஒரு வீட்டில் ஒரே ஆளுக்கு ஒரே குடும்பத்து மருந்து இரண்டு இருந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கேளுங்கள். சில சமயம் காரணத்தோடுதான் எழுதியிருப்பார். பல சமயம் அது தெரியாமல் நேர்ந்த இரட்டிப்பு.

ஜெனரிக் என்றால் மட்டமா?

விலை குறைந்த மருந்தைக் கண்டால் நமக்குச் சந்தேகம் வருவது இயல்பு. 'நாலு ரூபா மாத்திரைக்கும் பதினைஞ்சு ரூபா மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லாமலா இருக்கும்?' என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால் விலை ஏன் குறைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

புது மருந்தைக் கண்டுபிடிக்கும் கம்பெனிக்கு 20 ஆண்டு காப்புரிமை கிடைக்கும். அதுவரை வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. அவர்கள் வைத்ததுதான் விலை. காப்புரிமை முடிந்ததும் மற்றக் கம்பெனிகள் வரும். அவர்களுக்குக் கண்டுபிடிப்புச் செலவு இல்லை, போட்டியும் அதிகம். வில்டாகிளிப்டினுக்கு 2019 டிசம்பரிலும் சிட்டாகிளிப்டினுக்கு 2022 ஜூலையிலும் இந்தியாவில் காப்புரிமை முடிந்தது. அதன் பிறகு விலை எப்படி இறங்கியது என்பதைச் சர்க்கரை நோயாளிகள் தங்கள் பில்லிலேயே பார்த்தார்கள்.

இந்தியாவுக்கு இதில் தனி வரலாறு இருக்கிறது. 1970இல் இயற்றி 1972இல் அமலுக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துகளில் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. எனவே ஒரே மருந்தை வேறு வழியில் தயாரிக்க நம் கம்பெனிகள் கற்றுக்கொண்டன. எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு மேலைநாட்டுக் கம்பெனிகள் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், 2001இல் சிப்லா நிறுவனம் அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2005 முதல் மருந்துக்கே காப்புரிமை தரும் முறை திரும்பியது. ஆனால் பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து காப்புரிமையை நீட்டிக்க முடியாதபடி சட்டத்தில் 3(டி) என்ற பிரிவைச் சேர்த்தார்கள்.

அந்தப் பிரிவு சோதனைக்கு வந்தது சென்னையில்தான். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 3(டி) பிரிவு செல்லும் என்று 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் ஆகும் அந்த மருந்தின் ஜெனரிக் வகை அப்போது 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

அடுத்த கேள்வி, இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யுமா என்பது. இதை ரத்தத்தை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சிலருக்கு ஒரு முறை மூல மருந்தையும் மற்றொரு முறை ஜெனரிக்கையும் கொடுத்து, குறிப்பிட்ட நேர இடைவெளியில் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு, எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சேர்ந்தது என்று அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம், புள்ளியியல் பிழைக்கு இடம்விட்டும், 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 'அப்படியானால் மருந்து 20 சதவீதம் குறைவாக இருக்கலாமா' என்று பலர் பயப்படுகிறார்கள். இது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவுக்கான எல்லை இல்லை. ரத்தத்தில் சேர்ந்த அளவின் விகிதமும் அதன் புள்ளியியல் பிழையும் சேர்ந்து அடங்க வேண்டிய வரம்பு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரையிலான 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் இருந்த சராசரி வேறுபாடு 3.5 சதவீதத்தை ஒட்டியே இருந்தது.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்த ரத்தச் சோதனை எல்லா மருந்துக்கும் எப்போதும் கட்டாயமாக இருந்ததில்லை. நீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு 2017 ஏப்ரலில்தான் கட்டாயமாக்கினார்கள். தரக் கட்டுப்பாட்டில் ஓட்டைகள் இருக்கின்றன. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அந்தப் பாட்டிலில் அழகாகக் கம்பெனிப் பெயர் அச்சிட்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது. கம்பெனிப் பெயர் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. மலிவு விலை தரக்குறைவுக்கு அடையாளமும் ஆகாது. நம் மெடிக்கல்களில் விற்கும் கம்பெனிப் பெயர் மாத்திரைகளில் மிகப் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்த மருந்துகள்தான். பல அட்டைகளில் 'தயாரிப்பவர்' என்று ஒரு பெயரும் 'விற்பனை செய்பவர்' என்று வேறொரு பெயரும் இருப்பதைப் பாருங்கள். ஒரே ஆலை பல கம்பெனிகளுக்கு மாத்திரை செய்து கொடுக்கிறது. எனவே 'பிராண்டா, ஜெனரிக்கா' என்று கேட்பதைவிட, 'யார் செய்தது, யார் சோதித்தது, எங்கே வாங்கினேன்' என்று கேட்பதுதான் பயன் தரும்.

எங்கே வாங்குவது, என்ன கேட்பது

சோதனை முறைக்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துப் பெயரிலேயே மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனி எது என்று தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே மருத்துவமனைக்குப் போகிறது. மற்ற மாநிலங்கள் பின்பற்றிய முறை இது. 'தர்மாஸ்பத்திரி மாத்திரை கேக்காது' என்று அந்த அட்டையை ஒதுக்கி வைக்காதீர்கள்.

வெளியில் வாங்குவதானால், 2008இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இரண்டிலும் மருந்துப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும். அங்கே போகும்போது மருந்துப் பெயரும் பவரும் எழுதிய பட்டியல் கையில் இருக்கட்டும்.

சாதாரண மெடிக்கலில் ஒன்றைக் கவனியுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால் கடைக்காரர் தாமாக வேறு கம்பெனி மருந்தைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே கேட்க வேண்டிய இடம் டாக்டரின் அறை. "டாக்டர், இது மாசாமாசம் வாங்கணும். மருந்துப் பேர் போட்டு எழுதித் தாங்க" என்று தயங்காமல் கேளுங்கள். மருந்துப் பெயரைத் தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே தன் நெறிமுறையில் சொல்லியிருக்கிறது.

கடையில் செய்ய வேண்டியவை:

1. பில் வாங்குங்கள். அதில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தரமற்ற மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் பேட்ச் எண்ணோடுதான் வெளியிடுகிறது.
2. அட்டையை வெட்டிக் கொடுத்தால் எக்ஸ்பயரி தேதியும் மருந்துப் பெயரும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அங்கேயே கவரின் மேல் எழுதி வாங்குங்கள்.
3. போன மாதம் வாங்கிய காலி அட்டையைக் கொண்டுபோங்கள். மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால், மருந்துப் பெயரும் பவரும் அதேதானா என்று ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.
4. 'எம்.ஆர்.பி.யில் பாதி விலை' என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். சில ஜெனரிக் மருந்துகளில் எம்.ஆர்.பி.யையே உயரமாக அச்சிட்டிருப்பார்கள். தள்ளுபடியைப் பார்க்காமல் ஒரு மாத்திரை என்ன விலை என்று கணக்குப் போடுங்கள்.

கம்பெனி மாற்றும்போது கவனம் வேண்டிய மருந்துகள்

சில மருந்துகளில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விளைவு பெரிதாக இருக்கும். தைராய்டுக்கான லெவோதைராக்சின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், இதயத்துக்கான டைகாக்சின், மனநலத்துக்கான லித்தியம், உறுப்பு மாற்று செய்தவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவை அந்த வகை. இவற்றில் விலை குறைந்த கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் மாதம் ஒரு கம்பெனி என்று மாற்றாதீர்கள். மாற்ற வேண்டிவந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் ரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்ப்பார்.

சீட்டிலிருந்து வாய்வரை

1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். தினமும் சாப்பிடுவதற்கு இல்லை. புரியாத குறி இருந்தால் கடையை விட்டு இறங்குவதற்குள் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

பெயருக்குப் பின் 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.ஆர்.', 'இ.ஆர்.' என்று இருந்தால் அது மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரை. டாக்டர் சொல்லாமல் அதை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். இப்படிப்பட்ட மெட்ஃபார்மின் மாத்திரையின் கூடு சில சமயம் மலத்தோடு வெளிவரும். மருந்து ஏற்கெனவே உடம்பில் சேர்ந்துவிட்டது, பயப்பட வேண்டாம்.

சஷ்டி, ஏகாதசி, அமாவாசை என்று விரதம் இருப்பவர்களும் ரம்ஜான் நோன்பு நோற்பவர்களும் அதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும்.

மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. அட்டையின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதி வையுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையோடு அது கலந்துவிடாமல் வேறு டப்பாவில் வையுங்கள்.

இன்சுலின் குப்பி நம் நாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். குப்பியில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பொருத்திப் பாருங்கள்.

சித்த மருந்தோ லேகியமோ கஷாயமோ சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று மறைப்பதால் பாதிக்கப்படப்போவது நாம்தான்.

குழந்தை மருந்து

பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து மில்லிக்கு 100 மி.கி. டாக்டர் 150 மி.கி. தரச் சொன்னால் முதல் சிரப்பில் அது சுமார் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. போன தடவை வாங்கிய பாட்டிலின் நினைவில் இந்தப் பாட்டிலை ஊற்றினால் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வித்தியாசம் வரும். ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் 'எத்தனை மில்லி' என்று கேட்பதோடு 'எந்தப் பவர் பாட்டிலில்' என்றும் கேளுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும்.

இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. பெரும்பாலான சளி தானாகவே சரியாகும்.

'ஒரு செட் மாத்திரை குடுங்க'

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டு டாக்டரைப் பார்ப்பது கஷ்டம். அதனால்தான் கடையில் நின்று 'காய்ச்சலுக்கு ரெண்டு செட்' என்று கேட்கிறோம். அந்தக் காகிதப் பொட்டலத்தில் பெயர் இல்லை, பவர் இல்லை, எக்ஸ்பயரி இல்லை. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் இருக்கலாம். டெங்குக் காலத்தில் அதில் இருக்கும் டைக்லோஃபெனாக் அல்லது இபுபுரூஃபன் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் அட்டையோடு வாங்குங்கள். இரண்டு நாளில் விடாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் விதி இன்னும் கடுமை. வாங்கியவர் விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்குகளில் வீரியமானவை பல இதில் அடங்கும். சாதாரணச் சளிக்கு அவை வேலை செய்யாது. மிச்சம் வைத்து அடுத்த காய்ச்சலுக்குச் சாப்பிடவோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவோ கூடாது.

எங்கே வைப்பது

பல அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொல்லியிருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அடுப்பு மேடைக்கு மேல் அலமாரி, ஸ்கூட்டர் டிக்கி, குளியலறை ஆகிய மூன்றும் மருந்துக்கு ஆகாத இடங்கள். காற்றோட்டமான அறையில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மூடியுள்ள டப்பா போதும். திறக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு பானைக்குள் சிறு பானை வைத்து, இடையில் ஈரமணல் இட்டு, உள்பானையில் இன்சுலினை வைக்கலாம். கண் சொட்டு மருந்தைத் திறந்த தேதியை மேலே எழுதி, ஒரு மாதத்தில் அப்புறப்படுத்துங்கள்.

மஞ்சப்பைப் பரிசோதனை

ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், புது டாக்டரைப் பார்க்கும்போதெல்லாமும் செய்ய வேண்டியது இது. வீட்டில் ஒருவர் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போடுங்கள்: மாத்திரை, சிரப், களிம்பு, சொட்டு மருந்து, சத்து மாத்திரை, நாட்டு மருந்து, எப்போதாவது போடும் வலி மாத்திரை. ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்து ஒரு தாளில் எழுதுங்கள்:

- மருந்துப் பெயர், பவர்
- கம்பெனிப் பெயர்
- எதற்காக
- எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா
- யார் எழுதியது, எப்போதிலிருந்து

தாளின் தலைப்பில் ஒவ்வாமை இருந்தால் எழுதுங்கள்: 'பென்சிலின் ஆகாது', 'சல்ஃபா ஆகாது'. எக்ஸ்பயரி ஆனவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். பையையும் தாளையும் டாக்டர் மேசையில் வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: "இதெல்லாம் இன்னும் வேணுமா? ஒரே மருந்து ரெண்டு தடவை வருதா? எனக்குப் புதுசா வந்த தொந்தரவுக்கு இதுல ஏதாவது காரணமா?" நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ரத்தக் கொதிப்பு, வலிப்பு, மனநலம், ஸ்டீராய்டு மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது அதிகமாகச் சாப்பிடுவதைவிட ஆபத்தாக முடியலாம். மருந்தால் பக்கவிளைவு வந்ததாகத் தோன்றினால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.

அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். படிப்பு நான்காம் வகுப்புவரைதான். போன மாதம் மாத்திரையின் நிறம் மாறி வந்தபோது அவர் கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. தாளை நீட்டி, "இதுல அம்லோடிபின் அஞ்சுன்னு எழுதியிருக்கு. அதானே குடுத்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். மருந்தாளுநர் அட்டையைத் திருப்பிக் காட்டி ஆமாம் என்று சொன்ன பிறகுதான் பையில் போட்டுக்கொண்டு வந்தார். உங்கள் வீட்டு மஞ்சப்பையையும் இன்றிரவே கவிழ்த்துப் பாருங்கள்.